திருகோணமலையில் பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்குமுன்: முதலில் பேப்பர், பிறகு செசி, கடைசியில் எஞ்சின்

திருக்கடலூரில் ஐந்து வருடம் வாசலில் நின்ற பல்சரும் கந்தளாயில் அதே ஐந்து வருடம் ஓடிய பல்சரும் விளம்பரத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரே வருடம், ஒரே நிறம், மீற்றரிலும் ஏறக்குறைய ஒரே கிலோமீற்றர். ஆனால் முதலாவதின் குழாய்களை உப்புக்காற்று உள்ளிருந்தே அரித்திருக்கும். இரண்டாவதின் கிளச்சும் பின் ஷொக்கும் நெல்மூட்டை ஏற்றியே தேய்ந்திருக்கும். ஆகவே விலை கேட்குமுன் இரண்டு விசயம் கேளுங்கள்: பைக் இரவில் எங்கே நின்றது, பின்னுக்கு எதை ஏற்றியது.

மீன் பெட்டி கட்டி ஓடிய பைக்கில் கூடுதல் கவனம் வேண்டும். ஐஸ் உருகிய உப்புத்தண்ணி பின் மட்காட்டின் உட்பக்கம், ஸ்விங் ஆம் (பின் சில்லைத் தாங்கும் கை), ஷொக் சுருள், செயின், பின் றிம் என்று நாள்தோறும் வடிந்திருக்கும். விற்கும்போது பெட்டியைக் கழற்றி, கரியரை மாற்றி, கழுவிப் பொலிஷ் போட்டிருப்பார்கள். சீற்றைக் கழற்றிப் பாருங்கள். கயிறும் கம்பியும் உரசிய தழும்பு செசியின், அதாவது பைக்கின் இரும்புச் சட்டத்தின், பின் முனையில் அப்படியே இருக்கும்.

இன்னொரு விசயமும் மனதில் இருக்கட்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய பைக்குகளைத் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். இன்றைக்குச் சந்தையில் உள்ள ஏழெட்டு வருடப் பைக்குகளில் பல ஒரு தடவையாவது எஞ்சின் பிரித்தவை. அதில் குற்றமில்லை. பில்லோடு ஒழுங்காகச் செய்த எஞ்சின், “கையே வைக்கவில்லை” என்று சொல்லிக்கொண்டு ஒயில் குடிக்கும் எஞ்சினைவிட எவ்வளவோ நல்லது.

பெரும்பாலானவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம், சாமான் கிடைக்கும், கூலியும் முன்கூட்டியே தெரியும். கறள் தின்ற செசியையும் பிழையான பேப்பரையும் எந்தக் கராஜிலும் திருத்த முடியாது.

போகும் நேரமும் கொண்டுபோகும் சாமானும்

காலை ஏழு மணியளவில், வெயில் ஏறுமுன் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முதல்நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினின் அடிப்பக்கத்தையும் சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். கஷ்டமான ஸ்டார்ட், குளிர் எஞ்சினின் புகை, தளர்ந்த டைமிங் செயினின் சத்தம் மூன்றும் சூடேறிய பிறகு ஒளிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: போன் ரோச், பழைய துணி, சிறிய காந்தம், ஸ்குறூ டிரைவர், பிளக் ஸ்பனர், நான்கைந்து மீற்றர் நைலோன் நூல், மூடியுள்ள சிறிய கண்ணாடிப் போத்தல், முடிந்தால் ஒரு மல்டிமீற்றர். தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிப்போவதென்றால் அவருடைய நேரத்துக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள். விற்பவருக்கும் பழக்கமான பாஸ் என்றால் அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பேப்பரும் இலக்கங்களும்

பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேளுங்கள். போட்டோக் கொப்பி மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் மூலப் பிரதி லீசிங் கம்பனியில் இருக்கும். சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை பைக் விற்பவருக்குச் சொந்தமில்லை. “கடைசித் தவணை மட்டும்தான் பாக்கி” என்ற சொல்லை நம்பி முழுக் காசையும் கொடுக்காதீர்கள். கம்பனிக்கு இருவருமாகப் போய், பாக்கியை நேரே கட்டி, கடிதத்தை அங்கேயே வாங்குவதுதான் வழி.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து எஞ்சின் இலக்கம், உற்பத்தி வருடம், முழு உரிமையாளர் விபரங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விற்பவரின் அடையாள அட்டையும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

இங்கே அதிகம் மாட்டுவது திறந்த பேப்பரில்தான். முதல் உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்திருப்பார். அது மூன்று நான்கு கை மாறி உங்களிடம் வரும். அந்த முதலாள் வெளிநாடு போயிருக்கலாம், காலமாகியிருக்கலாம், கையெழுத்து தன்னுடையது இல்லை என்றும் சொல்லலாம். அதன்பிறகு உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு. பதிவில் உள்ளவரையே நேரில் சந்தித்து, உங்கள் முன்னால் கையெழுத்து வாங்க முடியாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது செசி இலக்கம். பெரும்பாலான பைக்குகளில் ஹாண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். இந்தியத் தயாரிப்புகளில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். பஜாஜ் என்றால் எம்.டி.2 என்றும், ரி.வி.எஸ். என்றால் எம்.டி.6 என்றும் தொடங்கும். துணியால் துடைத்து, ரோச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அராவிய கோடு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற், இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் வரி என்று எது தெரிந்தாலும் பேச்சை அங்கேயே முடியுங்கள். எஞ்சின் இலக்கம் சான்றிதழோடு பொருந்தவில்லை என்றால் எஞ்சின் மாறியிருக்கிறது. மாற்றம் பதியப்பட்டிருந்தால் பரவாயில்லை. பதியாமல் இருந்தால் அதைப் பதிய வேண்டியது விற்பவரின் வேலை, உங்களுடையது இல்லை.

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றின் திகதியையும் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் பல வருடம் எடுக்காமல் கிடந்தால் நிலுவையும் தண்டமும் உங்கள் தலையில் வரும். பிரதேச செயலகத்தில் விசாரித்துத் தொகையை அறிந்து விலையில் கழியுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், விற்பவரே எடுத்துத் தரட்டும் என்று கேட்பது நல்லது. அந்த அறிக்கையே எஞ்சினைப் பற்றிய ஒரு சாட்சி. ஹைட்ரோகாபன் அளவு எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெற்றோல் முழுதாக எரியவில்லை அல்லது ஒயில் சேர்ந்து எரிகிறது என்று கொள்ளலாம். காபன் மொனொக்சைட் கூடியிருந்தால் காபரேற்றர் பெற்றோலை அதிகம் விடுகிறது. இது சின்னத் திருத்தம்தான்.

கறள்: எங்கே தட்டிப் பார்ப்பது

மேலே தெரியும் கறளுக்குப் பயப்படத் தேவையில்லை. போல்ட் தலை, ஸ்டாண்ட் சுருள், சைலன்சர் மூடி எல்லாம் கடலோரத்தில் இரண்டு வருடத்தில் கறள் பிடிக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டியது தண்ணி தேங்கும் இடங்களுக்கு.

பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கீழே குனிந்து, எஞ்சினைத் தாங்கும் அடிக்குழாய்கள், நடு ஸ்டாண்டும் பக்க ஸ்டாண்டும் செசியோடு ஒட்டும் இடம், ஸ்விங் ஆமின் அடிப்பக்கம், பற்றரி பெட்டிக்குக் கீழ்ப்பகுதி என்று ஒவ்வொன்றையும் ஸ்குறூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்தது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குறூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். பொருக்காக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்தக் குழாய் போய்விட்டது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தால் இதை இன்னும் அழுத்தமாகச் செய்யுங்கள். மேலே பளபளப்பும் கீழே பொருக்கும் இருப்பதைப் பெயின்ற் மறைக்கும், ஸ்குறூ டிரைவர் காட்டிக்கொடுக்கும்.

முன் ஃபோக்கின் பளபளப்பான குழாயில் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். உப்பு குரோமைக் குத்தியிருந்தால் நகம் தடுக்கும். அந்தச் சின்னக் குழிதான் ஒயில் சீலைக் கிழிக்கிறது. புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் திரும்ப ஒயில் கசியும், ஏனென்றால் பிழை சீலில் இல்லை, குழாயில் இருக்கிறது. முன் பிறேக்கைப் பிடித்து ஐந்தாறு தடவை ஹாண்டிலை அமுக்கி எழுப்பி, குழாயில் ஒயில் வளையம் வருகிறதா என்று பாருங்கள்.

கம்பி றிம் என்றால் கம்பியும் றிம்மும் சேரும் நிப்பிள் ஒவ்வொன்றையும் ரோச் அடித்துப் பாருங்கள். கம்பிகளை ஸ்பனரால் மெல்லத் தட்டினால் ஒரே மாதிரிச் சத்தம் வர வேண்டும். தளர்ந்த கம்பி செத்த சத்தம் தரும். அலோய் சில்லென்றால் ரயர் உட்காரும் விளிம்பில் பெயின்ற் கொப்புளித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அங்கிருந்துதான் ரியூப் இல்லாத ரயருக்குக் காற்று இறங்கும்.

பெற்றோல் டாங்கின் மூடியைத் திறந்து ரோச் அடியுங்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் அரை டாங்கோடு நின்ற பைக்குகள் ஏராளம். மேலே காலியாக இருந்த பகுதியில் ஈரம் படிந்து கறள் பிடித்திருக்கும். காபரேற்றர் பைக்கென்றால் பெற்றோல் குழாயைக் கழற்றிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணி அடியில் தனியாக நிற்கும், கறள் தூள் செம்மண்போலப் படியும். டாங்கின் அடித்தையல் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். முதல் ஓட்டை விழுவது அங்கேதான்.

வெள்ளத்தில் நின்ற பைக்

மகாவலி பெருகும்போது மூதூர், வெருகல், கிண்ணியாவின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணி வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் எத்தனையோ பைக்குகள் மூழ்கின. கழுவித் துடைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் கழுவக் கை எட்டாத இடங்களில் சேறு நிற்கும். எயார் பில்டர் பெட்டியின் அடி, ஹெட்லைட் கூட்டுக்குள், பக்கக் கவர்களுக்குப் பின்னால், வயர் கட்டுகளின் இடுக்கு, பின் டிறம் பிறேக்கின் உள்பக்கம். ஹெட்லைட் கண்ணாடிக்குள்ளோ மீற்றருக்குள்ளோ ஒரு நேர்கோடு போலக் கறை இருந்தால் அதுதான் தண்ணி நின்ற மட்டம். வயர் கொக்கிகளில் இரண்டு மூன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைப் பூப் பூத்திருந்தால் இன்றைக்கு எல்லா லைட்டும் எரிந்தாலும் அடுத்த மழைக்கு ஒன்றொன்றாக நிற்கும்.

ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலில் தண்ணி கலந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற பைக்கை ஒயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் கிறாங்க் பெயரிங் கெட்டிருக்கும். அது எஞ்சினை இரண்டாகப் பிளந்து செய்யும் வேலை.

செசி நேராக இருக்கிறதா

கழுத்துக் குழாய்க்குக் கீழே, டாங்குக்கு முன்னால், வெல்டிங் தையல்களை ரோச் அடித்துப் பாருங்கள். முன்னால் மோதிய பைக்கில் பெயின்ற் அங்கேதான் வெடிக்கும் அல்லது சுருங்கும். ஹாண்டிலை முழுதாக இடமும் வலமும் திருப்பி, தடுப்புக் கட்டைகள் உடைந்தோ வளைந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தானாக உடையாது. கம்பனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். கராஜ் வெல்டிங் கட்டி கட்டியாகத் தெரியும்.

பிறகு நூல் கட்டிப் பாருங்கள். பின் ரயரைச் சுற்றி நூலைப் போட்டு, நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், இரு பக்கமும் முன் ரயர்வரை இழுத்துப் பிடியுங்கள். ஹாண்டில் நேராக இருக்கட்டும். நூல் பின் ரயரின் இரு ஓரத்தையும் தொட்டுப் போக வேண்டும். முன் ரயர் ஒடுக்கமாக இருப்பதால் இரு பக்கமும் இடைவெளி வரும். அந்த இடைவெளி இரண்டும் சமமாக இருந்தால் சில்லுகள் ஒரே கோட்டில் உள்ளன. சில மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு முதலில் பின் செயின் அட்ஜஸ்டர் குறிகளைப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்றிலும் மறுபக்கம் ஐந்திலும் இருந்தால் அதைச் சரிசெய்து திரும்ப அளந்து பாருங்கள். அதன் பிறகும் கோணினால் ஃபோக்கோ செசியோ வளைந்திருக்கிறது.

முன் சில்லை நிலத்திலிருந்து எழுப்பி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோலத் தட்டினால் கோன் செட் (கழுத்துக் குழாயின் பெயரிங்) தேய்ந்துவிட்டது. இது மாற்றக்கூடிய சாமான்தான், விலையில் கழித்தால் போதும். ஃபோக்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்றாலும் அதே கதைதான். பின் சில்லைப் பக்கவாட்டில் ஆட்டி, அசைவு சில்லின் பெயரிங்கில் வருகிறதா, ஸ்விங் ஆம் புஷ்ஷில் வருகிறதா என்று கண்ணால் பிரித்துப் பாருங்கள். புஷ் போன பைக் வளைவில் பின்பக்கம் வாலாட்டும்.

செயினைப் பின் பற்சில்லின் கடைசிப் பல்லிலிருந்து விரலால் பின்னுக்கு இழுங்கள். அரைப் பல் தெரிந்தால் செயினும் இரு பற்சில்லும் சேர்ந்து மாற வேண்டும். செயின் மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்னும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட ரயர் வெயிலில் இறுகி, மழை ரோட்டில் வழுக்கும்.

குளிர் ஸ்டார்ட்

முதலில் சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். ஓரிடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டே இறங்கினால் கொம்பிரசன் போய்விட்டது: வால்வு சரியாக மூடவில்லை அல்லது பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கிறது.

ஒயில் மட்டத்தையும் தன்மையையும் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற ஹீரோ ஹொண்டாக்களுக்கு 10டபிள்யூ30 மெல்லிய ஒயில்தான் போடுவது. அதில் தேன்போலக் கெட்டி ஒயில் இருந்தால் சத்தத்தையும் புகையையும் அடக்கப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். குச்சியில் உள்ள ஒயிலைத் துணியில் தடவிக் காந்தத்தை ஓட்டுங்கள். நுண்ணிய சாம்பல் பசை வழக்கமானது. கையில் உறுத்தும் இரும்புச் செதில் வழக்கமானதல்ல.

ஸ்டார்ட் பண்ண ஒருவர், சைலன்சருக்குப் பின்னால் பார்க்க நீங்கள். முதல் நிமிடத்தில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி ஈரம்தான், கரைந்துவிடும். கறுப்புப் புகைக்குக் காரணம் அதிக பெற்றோல் அல்லது அடைத்த எயார் பில்டர். நீலப் புகைதான் ஒயில். அதிலும் இரண்டு வகை உண்டு, செலவில் பெரிய வித்தியாசம் இருப்பதால் பிரித்தறியுங்கள். எஞ்சின் சூடான பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுச் சட்டென்று முறுக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஓடும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் வந்தால் றிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்). ஐடிலில் ஒயில் மூடியைத் திறந்து உறுதிசெய்யலாம்: காற்று துடிப்பது சரி, புகை தொடர்ந்து வந்து ஒயில் தெறித்தால் றிங் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது.

முன்னரே போர் அடித்த (சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்த) எஞ்சின் என்றால் எத்தனையாவது சைஸ் என்று கேளுங்கள். பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று பெருக்கும். 1.00இல் நிற்கும் எஞ்சினுக்கு அடுத்த தடவை புது சிலிண்டர் புளொக்தான். யமஹா ஆர்15 போன்றவற்றின் சிலிண்டரைப் போர் அடிக்க முடியாது. அதில் புகை வந்தால் சிலிண்டரே மாற வேண்டும், விலையும் அதற்கேற்ப.

சத்தங்களைப் பொறுத்தவரை, தலைப்பகுதியில் ‘டிக் டிக்’ என்று சன்னமாக வருவது டப்பெட், அட்ஜஸ்ட் பண்ணலாம். முறுக்கை விடும்போது சங்கிலி உரசுவதுபோலச் சலசலத்தால் டைமிங் செயின் அல்லது அதன் டென்ஷனர். அடியிலிருந்து, பாரம் ஏறும்போது கனமாக இடித்தால் கொன்றொட் (பிஸ்டனைக் கிறாங்கோடு இணைக்கும் தண்டு). இந்தக் கடைசிச் சத்தம் கேட்டால் அரை எஞ்சின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது விடுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மண்ணிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதல். ஈரமான கறுப்பு என்றால் ஒயில். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெற்றோல் குறைந்து சூடாக ஓடியிருக்கிறது. பல்சர் 150இல் இரண்டு பிளக் உண்டு, இரண்டையும் பாருங்கள். ஒன்று செத்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் இழுவை குறைந்து பெற்றோல் குடிக்கும்.

பற்றரிக்கு மல்டிமீற்றர். நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில், முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் கொயில் அல்லது ரெகுலேட்டர். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பற்றரியை வேகவைக்கிறது. பழைய சிறு பைக்குகளில் ஹெட்லைட் கொயிலிலிருந்து நேரே எரிவதால் முறுக்குக்கு ஏற்பக் கூடிக் குறைவது பிழையில்லை.

ஓட்டிப் பார்த்தல்

காப்புறுதி உள்ளதா என்று உறுதிசெய்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, குறைந்தது 20 நிமிடம் ஓடுங்கள். வீட்டு ஒழுங்கையில் ஒரு வட்டம் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மேல் கியரில் மெதுவாகப் போய் முறுக்கை முழுதாகத் திறவுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு கியரிலும் முறுக்கி, பிறகு சட்டென்று விடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் கியர்ப் பல் அல்லது செலெக்டர் ஃபோக் தேய்ந்துவிட்டது. இதற்கும் எஞ்சினைப் பிளக்க வேண்டும்.

நேர் ரோட்டுக்கு நிலாவெளி வீதி நல்லது. 40 கிலோமீற்றர் வேகத்தில் கையை எடுக்காமல் ஹாண்டில் பிடியை மட்டும் தளர்த்தினால் பைக் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கிண்ணியாப் பாலத்தில் இதைச் செய்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில் அங்கே பக்கக் காற்று நல்ல பைக்கையும் தள்ளும். பிறேக்கைத் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். டிஸ்க் பிறேக்கில் லீவர் விட்டு விட்டுத் துடித்தால் தட்டு வளைந்திருக்கிறது. தட்டின் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் தட்டிலேயே அடித்திருக்கும்.

திரும்பி வந்து பத்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஸ்டார்ட் பண்ணுங்கள். சூட்டில் ஸ்டார்ட் எடுக்காத பைக்கில் கொயில், பிக்கப் அல்லது இறுகிய வால்வு என்று ஏதோ ஒன்று உண்டு. எஞ்சினுக்குக் கீழே காகிதம் விரித்து ஒயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கழுவித் துடைத்த எஞ்சினில் கசிவு சூட்டுக்குப் பிறகுதான் வெளியே வரும்.

மீற்றரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றினால் நிற்கும், எண்ணையும் மாற்றலாம். கால் மிதியின் ரப்பர், கியர் லீவர் நுனி, பின் பிறேக் மிதி, சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல் ஆகியவை எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மீற்றர் 18,000 என்று சொல்ல, மிதி ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள்.

டியோ, பெப் போன்ற ஸ்கூட்டர் என்றால் கைக் கிளச்சும் கியரும் இல்லை, பெல்ட்தான். புறப்படும்போது அதிர்ந்தால் பின் கிளச், வேகம் ஓரளவுக்குமேல் ஏறாவிட்டால் பெல்ட் அல்லது றோலர். 20,000 கிலோமீற்றர் தாண்டியும் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை உங்கள் கணக்கில் போடுங்கள். கால் வைக்கும் விரிப்பை எடுத்துக் கீழே பார்க்கத் தவறாதீர்கள். கடற்கரை மணலும் ஈரமும் அங்கேதான் தங்கி அடிக்குழாயைத் தின்னும்.

விலை, கையெழுத்து, முதல் வாரம்

போகுமுன்பே ஒரு சாமான் கடையில் ரயர் சோடி, செயின் செட், பற்றரி, கோன் செட், கிளச் தட்டு, ஃபோக் சீல் விலைகளை விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த குறைகளை விற்பவர் முன்னாலேயே காட்டி, அந்த விலைகளோடு கூலியையும் சேர்த்துக் கழித்துக் கேட்டால் பேச்சு சண்டையாகாது. தேயும் சாமான் எதற்கும் பயந்து நல்ல செசியை விடாதீர்கள்.

விலை முடிந்தால், கையளிக்கும் திகதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். அதற்கு முன் நடந்த விபத்துக்கோ தண்டத்துக்கோ நீங்கள் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக இருக்கட்டும். உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் செய்யுங்கள். காப்புறுதியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய பெயரிலுள்ள காப்புறுதியோடு விபத்தானால் இழப்பீடு சிக்கலாகும்.

வாங்கிய வாரமே ஒயிலை மாற்றுங்கள். 100 முதல் 150 சிசி பைக்குகளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் போதும், சரியான அளவு எஞ்சின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும். வடித்த ஒயிலை வெள்ளைத் துணியால் வடிகட்டி, துணியில் காந்தத்தை ஓட்டுங்கள். புது ஒயிலை மேல்குறிவரை விட்டு, 500 கிலோமீற்றர் ஓடியதும் சமதரையில் பைக்கை நேராக நிறுத்திக் குச்சியைப் பாருங்கள். மட்டம் அசையாமல் இருந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கவில்லை. கீழ்க்குறிக்கு இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால் றிங் வேலைக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள், அதுவரை 250 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மட்டம் பாருங்கள்.